நடுத்தீர்வையில் நடுக்கம் இல்லை

முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கர் இறுதித் தீர்ப்பை ‘நடுத்தீர்வை’ என்பர். சாவு, நடுத்தீர்வை, மோட்சம், நரகம் என்று கடைசிக் கதிகள் நான்கையும் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு ‘நடுங்க வைக்கும் தீர்ப்பு’ என்று உரை சொல்லி, இடியையும் நெருப்பையும் அடுக்கிப் பேசுவோர் உண்டு. அது சொல்லுக்கும் கேடு, வேதத்துக்கும் கேடு.

நடுங்கு என்னும் வினையிலிருந்து நடுக்கு, நடுக்கம் பிறக்கும். வெறும் ‘நடு’ பிறக்காது. அச்சமே பொருளானால் சொல் ‘நடுக்கத்தீர்வை’ என்றல்லவா இருக்க வேண்டும்? பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் நடு, நடுங்கு இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது.

இங்கே நடு என்பது நீதி. குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. அதற்கு வள்ளுவர் காட்டும் உவமை துலாக்கோல். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போதும், கொள்வது மிகாமலும் கொடுப்பது குறையாமலும் நடுவு நிற்கும் நெஞ்சைத்தான் புகழ்கிறது. அரசன், ஆண்டி என்று பாராத எமனுக்கு நடுவன் என்று பெயர். நடுகல்லின் நடு வேறு. அது ஊன்றுதலைக் குறிக்கும் வினை. அதை இங்கே இழுப்பது வீண்.

இன்னும் ஒரு சான்று. விசுவாசப் பிரமாணத்தில் பழைய கத்தோலிக்க வழக்கு ‘நடுத்தீர்க்க’ என்கிற அதே இடத்தில் புராட்டஸ்டண்டார் ‘நியாயந்தீர்க்க’ என்கின்றனர். வடசொல்லான நியாயம் நிற்குமிடத்தில் தமிழ் நடு நிற்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சொல்லுக்குள் பயத்தைத் திணிப்பது தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. அக்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் ஈமப்பானையான முதுமக்கள் தாழியைப் பற்றி, ‘முதுமக்கள்’ என்ற சொல்லை வைத்து, சாகாத கிழவர்களை உயிரோடு உள்ளே வைத்து மூடினார்கள் என்ற கதை ஊரெங்கும் உலவுகிறது. எலும்புகளை மட்டும் பொறுக்கி இட்ட தாழிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. உயிரோடு இருந்தவரின் எலும்பை எப்படிப் பொறுக்குவது? அலெக்சாண்டர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வில் இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் நெல் உமியும் கிடைத்தன. தங்கள் இறந்தோரை மதித்து வழியனுப்பிய மக்கள் அவர்கள்.

இனித் தீர்வை. தொல்காப்பிய உரியியல் தீர்தல், தீர்த்தல் இரண்டுக்கும் விடுதல் என்று பொருள் தருகிறது. கடன் தீர்வதும் பிணி தீர்வதும் பகை தீர்வதும் விடுதலைதான். நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் வீட்டுத் தீர்வை என்றால் வீட்டு வரி. தரவேண்டியதைக் கணக்குப் பார்த்துத் தந்துவிட்டால் தீர்ந்தது. மோட்சத்துக்கு முன் ஆன்மா தூய்மை பெறும் நிலையைக் குறிக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற பழஞ்சொல்லிலும் உத்தரித்தல் என்பது பட்ட கடனை ஈடுசெய்து தீர்ப்பதே. இரண்டும் கணக்கு வழக்கின் சொற்கள்.

திருச்சபையின் போதனையும் இதற்கு மாறல்ல. கடவுளுக்குச் சினம் என்று வேதம் சொல்வது உருவகம். மனிதரின் ஆத்திரம் போன்ற உணர்ச்சி அவரிடம் இல்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மனிதன் தானே கடவுளை விட்டு விலகி நிலைத்துவிடும் நிலையை நரகம் என்கிறது. இறந்தவுடன் தனித்தீர்வை, உலக முடிவில் பொதுத்தீர்வை என்று இரண்டாகப் பிரிக்கிறது. உலக முடிவுக்கு நாள் குறிப்போருக்கு மாற்கு 13ஆம் அதிகாரமே பதில்: அந்த நாளைத் தந்தையன்றி எவரும் அறியார். 16ஆம் பெனடிக்ட் 2007இல் எழுதிய ‘ஸ்பே சால்வி’ சுற்றுமடல் தீர்ப்பை நம்பிக்கை கற்கும் இடங்களுள் ஒன்றாக வைக்கிறது. நீதி கிடைக்காமல் மாண்டவனுக்கு அன்றுதான் நீதி கிடைக்கும். அவன் ஏன் நடுங்க வேண்டும்?

ஆதிச்சநல்லூரைத் தொட்டு ஓடும் ஆறு கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். இயேசு சபைத் துறவி அன்றீக் அடிகளார் பரதவரோடு வாழ்ந்து தமிழ் கற்ற ஊர் அது. அவருடைய ஞானோபதேச நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சேறியது. அவருக்கும் அவர் வழிவந்தோருக்கும் பாடம் சொன்னவர்கள், சிப்பியைக் கரையில் குவித்துப் பங்கு பிரித்தவர்கள், முத்தை நிறுத்து விலை பேசியவர்கள். நிறையில் நடுவும் கடனில் தீர்வும் அவர்கள் அன்றாடம் புழங்கிய வழக்கு. நடுத்தீர்வை அந்தத் துறைமுகத்து வாணிகத் தமிழிலிருந்தே கோயிலுக்குள் வந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.