தொகைச்சொல்லும் கீழ்வாய்க் கணக்கும்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் ஒருங்கே பயிற்றப்பட்டன. மாணாக்கர் மணலில் விரலால் எழுதியும் வாய்விட்டு ஓதியும் எண்சுவடியைக் கற்றனர். இம்முறையை வெறும் உருப்போடுதல் என ஒதுக்குவாரும் உளர். அக்கூற்று முழுதும் பொருந்துமா என்பதனைக் கீழ்வாய் இலக்கப் பெயர்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பழைய வாய்பாட்டில் காணி 1/80, மா 1/20, கால் 1/4 ஆகும். பிற பெயர்கள் பல இவற்றின் சேர்க்கையாற் பிறந்தவை. முக்காணி மூன்று காணி என விரிந்து 3/80 ஆகும். அரைக்கால் என்பது காலிற் பாதி, ஆகவே 1/8. மாகாணியோ மாவும் காணியும் என விரியும். இரண்டும் கூடி 1/16 ஆகும். முன்னைய இரண்டும் பெருக்கல், பின்னையது கூட்டல். மாகாணியைப் போலவே அரைக்காலையும் விரிப்பின் விடை முக்கால் எனப் பிழைபடும்.

கூட்டலை வெளிப்படக் காட்ட ஏகாரமும் வரும். ஒன்றேகால், காலே அரைக்கால் (3/8) என்பன காண்க. தொல்காப்பியம் ஏகாரத்திற்குக் கூறும் பொருள்களுள் எண்ணும் ஒன்றாதல் ஈண்டுக் கருதத்தக்கது. எண்சுவடி ஓதிய சிறுவன் இவ்விலக்கணப் பெயர்களை அறியான். ஆயினும் அவற்றின் பயனை அறிந்தே கணக்கிட்டான்.

காரிநாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரம் கணக்குகளைச் செய்யுளில் தருகிறது. பலாச்சுளையின் தொகை அறிவதற்குரிய வெண்பா, காம்பருகிலுள்ள முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்துக்கு ஈயுமாறு பணிக்கும். முள் 100 எனின் சுளை 120. இவ்விதி பழத்திற்கு எத்துணைப் பொருந்தும் என்பது வேறு வினா. ஈதல் என்பது ஈண்டு வகுத்தலைக் குறிக்கும் என உணர்ந்தாலன்றி விடை பிறவாது. இக்காலப் பாடநூல்களும் வகுத்துப் பெறும் எண்ணை ஈவு என்றே வழங்குகின்றன.

திண்ணைப் பள்ளிகளைப் புகழ்ந்துரைப்பது நம் கருத்தன்று. பெண்மக்களும் ஒடுக்கப்பட்ட குடியினரும் பெரும்பாலும் அவற்றிற்குப் புறம்பாகவே நின்றனர்; பொருளுணராது ஓதினோரும் இருந்திருப்பர். 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணய முறை வந்தபின், ரூபாயின் 1/16 ஆகிய அணா படிப்படியாக வழக்கு வீழ்ந்தது. மாகாணி அறிந்தோரும் அருகினர். அப்பெயர்கள் மறைந்தமைக்கு வருந்த வேண்டுவதில்லை. ஆயின் கணக்கு வகுப்பில் சொற்பொருள் ஆராயும் வழக்கம் உடன் மறையலாகாது. வாக்கியக் கணக்கில் இடர்ப்படும் மாணாக்கனுக்குப் பெருக்கல் தெரிந்தும் வாக்கியம் விளங்காதிருக்கலாம். ஆதலின் வினாவின் சொற்களை விரித்துப் பொருள் காணும் பயிற்சி தமிழாசிரியர்க்கேயன்றிக் கணக்காசிரியர்க்கும் உரியது என்க.