கண்டியின் மழை நாட்கள்: ஜூன் 24உம் நவம்பர் 28உம்

பத்திரிகைகளில் 'வரலாற்றில் இன்று' என்றொரு சிறு பெட்டிச் செய்தி வரும். பக்கத்தில் இரண்டங்குல இடம் மிஞ்சினால் அதை நிரப்புவதற்கென்றே பிறந்த பத்தி அது. அரசர்கள் முடிசூடியதும் தலைவர்கள் மறைந்ததும் அதில் வரும். மழை வருவது அரிது. மேலைநாட்டவரோ ஒரே தேதியை எடுத்துக்கொண்டு, அந்நாளில் எந்தெந்த ஆண்டுகளில் புயல் அடித்தது, எங்கே ஆலங்கட்டி விழுந்தது என்று நீண்ட பட்டியலே தயாரித்து விடுகிறார்கள். நாள்தவறாமல் மழையையும் வெப்பத்தையும் அளந்து எழுதிவைத்த வழக்கம் அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

கண்டியில் அத்தகைய ஒழுங்கான மழைப்பதிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. அதற்கு முற்பட்ட கண்டியின் வானிலையை அறிய வேண்டுமானால் படைவீரர்களின் குறிப்புகளைத்தான் புரட்ட வேண்டும். மழை அவர்கள் வழியில் குறுக்கிட்டபோது மட்டுமே அது எழுத்தில் ஏறியது. அப்படி ஏறிய தேதிகளில் தலையாயது 1803ஆம் ஆண்டு ஜூன் 24.

அவ்வாண்டு பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தது. ஆளுநர் பிரெடரிக் நோர்த்தின் ஆணைப்படி தளபதி மக்டொவல் தலைமையில் வந்த படை அது. எதிர்த்து நிற்க ஒருவருமில்லை. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரைக் காலிசெய்துவிட்டு மலைகளுக்குள் போயிருந்தான். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட இந்த நாயக்க மன்னனுக்குப் போட்டியாக, முன்னைய மன்னனின் மைத்துனன் முத்துசாமியை ஆங்கிலேயர் அரியணையில் அமர்த்தினர். குடிமக்கள் இல்லாத நகரத்திற்கு ஒரு பொம்மை அரசன்!

பெப்ரவரி கண்டியில் வறண்ட மாதம். வந்தவர்களுக்கு எல்லாம் எளிதாகத் தோன்றியிருக்க வேண்டும். மழை தொடங்கியதும் காய்ச்சல் தொடங்கியது. ஏப்ரலில் மக்டொவல் பெரும்படையுடன் கொழும்புக்குத் திரும்பிவிட, எஞ்சிய காவற்படையின் பொறுப்பு மேஜர் ஆடம் டேவி என்பவரிடம் வந்தது. ஜூன் மாதத்திற்குள் ஐரோப்பியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் படுக்கையில். துப்பாக்கி ஏந்தக்கூடியவர்கள் சிலரே. ஜூன் 24 அதிகாலையில் கண்டியர்கள் தாக்கினர். அன்றே டேவி சரணடைந்தார். ஆயுதங்களுடன் திருகோணமலைக்குப் போக அனுமதி என்பது உடன்பாடு. நடக்க இயலாத நோயாளிகளை அரண்மனை மருத்துவக் கூடத்திலேயே விட்டுவிட்டு, மீதிப்பேர் முத்துசாமியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டனர்.

திருகோணமலைக்குப் போக மகாவலியைக் கடக்க வேண்டும். நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள வட்டாபுளுவைத் துறையை அடைந்தபோது ஆறு இரு கரையும் புரளப் போய்க்கொண்டிருந்தது. ஓடமும் இல்லை, தெப்பமும் இல்லை. கொட்டும் மழையில் இரவைக் கழித்தார்கள். மறுநாள் தெப்பம் கட்ட முயன்றும் பயனில்லை. அதற்குள் மன்னனின் ஆட்கள் வந்து முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி ஒப்படைத்தார். அவன் கொல்லப்பட்டான். அதன்பின் 26ஆம் தேதி, ஆயுதங்களையும் ஒப்படைத்துவிட்ட அந்தப் படை ஆற்றங்கரையில் வெட்டிச் சாய்க்கப்பட்டது. கண்டியில் விட்டுவந்த நோயாளிகளின் கதியும் அதுவே. உயிருடன் விடப்பட்ட ஓரிருவரில் டேவியும் ஒருவர். அவர் கண்டியிலேயே ஆண்டுக்கணக்கில் கைதியாக இருந்து மாண்டார். பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் மட்டும் காயங்களுடன் தப்பி மாத்தளைப் பக்கத்துக் கோட்டையை அடைந்து செய்தி சொன்னார். இன்று வட்டாபுளுவை கண்டியின் புறநகர்க் குடியிருப்பு. அங்குள்ள ஓர் அரச மரத்திற்கு 'டேவியின் மரம்' என்றே பெயர்.

இந்தப் படுகொலையைப் பற்றி எழுதியவர்கள் டேவியின் கோழைத்தனத்தையும் மன்னனின் கொடுமையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆற்றைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ ஆறுதான் இக்கதையின் முதன்மைப் பாத்திரம் என்று தோன்றுகிறது. இரண்டு நாட்கள் மகாவலி தணிந்திருந்தால் டேவி திருகோணமலைக்குப் போயிருக்கக்கூடும்.

கண்டி நகரின் மழையைக் கொண்டு மகாவலியின் பெருக்கைக் கணிக்க முடியாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நகரில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 1900 மில்லிமீற்றர். ஆறு பிறந்து வரும் மேற்கு மலைச்சரிவின் கதை வேறு. ஹட்டனுக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையிலுள்ள வட்டவளையில் 5000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று நேராக மோதும் இடம் அது. அந்த நீரெல்லாம் கம்பளை, பேராதனை வழியாக இறங்கி, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை, வட்டாபுளுவை என்று கண்டியை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கண்டியில் தூறலாக இருக்கும்போதே ஆறு பெருகி நிற்பது ஜூன் மாதத்தில் புதுமையல்ல. உள்ளூர்க்காரனுக்கு இது தெரியும்.

கண்டி மன்னர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அவர்கள் பாதைகளை அகலப்படுத்த விடவில்லை. கணவாய்களில் முள்வேலிக் கடவைகள் அமைத்தார்கள். காட்டை அழிக்கவில்லை. பகைவன் உள்ளே வரட்டும், மழைக்காலம் வரை இருக்கட்டும் என்பதே அவர்களின் போர்முறை. 1804 ஒக்டோபரில் மட்டக்களப்பிலிருந்து சுமார் 300 பேருடன் கண்டிவரை வந்து திரும்பிய கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன், தாம் பட்ட பாட்டை 1810இல் நூலாகவே எழுதினார். மழையும் நோயும் மறைந்திருந்த துப்பாக்கிகளும் அவர் படையைச் சேர்ந்தே துரத்தின. 1815இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்ததும் பெப்ரவரியில்தான். இம்முறை பிரதானிகள் அவர்கள் பக்கம். மழைக்குக் காத்திராமல் அதே மாதம் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னன் 1832 ஜனவரியில் அங்கேயே இறந்தான்.

பின்னர் நடந்தது மலையின் வரலாறு. 1820களில் கொழும்பு–கண்டி வீதி. 1833இல் பேராதனையில் முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம். ஆறு இனி எவரையும் மறிக்காது என்று எண்ணியிருப்பார்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உறுதிப்பத்திரம் இல்லாத காடுகளையெல்லாம் முடிக்குரிய நிலமாக்கியது. ஏக்கர் 5 ஷில்லிங்குக்கும் விற்றார்கள். கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. அந்த வேலைக்குத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நம்மவர் மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். வேர் ஆழமாக ஓடிய காடு போய், கொழுந்துக்காக இடுப்பளவில் கவாத்து செய்யப்படும் செடி மலையைப் போர்த்தியது. தொழிலாளருக்கான லயன் அறைகள் அதே சரிவுகளில், தோட்ட நிருவாகத்துக்கு வேண்டாத துண்டுகளில் எழுந்தன.

1947 ஓகஸ்ட் நடுப்பகுதியில் மகாவலி மீண்டும் தன்னைக் காட்டியது. இந்தியா விடுதலை பெற்ற அதே நாட்களில் கம்பளையும் பேராதனையும் பெருவெள்ளத்தில் மிதந்தன. அதுவும் தென்மேற்குப் பருவத்து வெள்ளம், டேவியைத் தடுத்து நிறுத்திய அதே வகை. அடுத்த சில நாட்களில் தொடங்கிய பொதுத் தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்து ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. நாடே இல்லை என்றானபின் வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதிப்பத்திரம் எங்கிருந்து வரும்? வெள்ளத்துக்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் சற்றுப் பொறுக்கவும்.

1985இல் கொத்மலை அணை முடிந்தபோது, கம்பளை வெள்ளத்திலிருந்து தப்பியது என்றே பலரும் நம்பினர். தென்மேற்கு வெள்ளத்தின் ஒரு பெரும்பகுதியை அது தாங்கவும் செய்தது. ஆயினும் கண்டிக்கு இரண்டு வாசல்கள். நக்கிள்ஸ் மலைத்தொடர், உடுதும்பறை, ஹங்குராங்கெத்த எல்லாம் கிழக்கு முகம் பார்த்தவை. வங்கக் கடலிலிருந்து வருவது அவற்றில்தான் மோதும். நவம்பர் கடைசி வாரமும் டிசம்பரும் நம் கடற்பரப்பில் புயல்களின் காலம். 1964 டிசம்பர் 22இல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் தாக்கிய புயல், 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 2008 நவம்பர் 27இல் காரைக்காலில் கரையேறிய நிஷா, 2020 டிசம்பர் 2இல் முல்லைத்தீவை ஒட்டிக் கடந்த புரெவி. பட்டியல் நீளும். இவையெல்லாம் கரையோரத்தின் துயரங்கள். கண்டிக்காரர்கள் இவற்றைப் பத்திரிகையில் படித்தவர்கள்.

2025 நவம்பர் 28 அந்த வரிசையை மாற்றியது. யெமன் சூட்டிய பெயர் 'டித்வா'. சொகோத்ரா தீவின் ஒரு கடற்காயலுக்குரிய பெயர். காற்றின் வேகத்தில் அது பெரிய புயலே அல்ல. நகராமல் நின்றதுதான் அதன் கொடுமை. கிழக்குக் கரையால் நுழைந்து, ஊர்ந்து ஊர்ந்து வடக்கே போனது. மலையின் இரு முகங்களிலும் மழை கொட்டியது. அதற்கு முன்பே மண் ஊறியிருந்தது. 22ஆம் தேதியே பகல கடுகண்ணாவையில் பாறை சரிந்து ஆறு பேர் மாண்டிருந்தனர். மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் பதிவானது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு நிலை, 100 எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். பெய்ததோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

கம்பளை, கெலிஓயா, பேராதனை மூழ்கின. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. நாடெங்கும் இறந்தோர் 600க்கும் மேல். மாவட்டங்களில் கண்டியே முதலிடம், இருநூறைத் தாண்டிய உயிர்கள். பெரும்பாலோரைக் கொன்றது ஆறல்ல, மண்சரிவு. சிங்களக் கிராமம், முஸ்லிம் ஊர், தமிழ்த் தோட்டம் என்று சரிவு பார்க்கவில்லை. நேரடிச் சேதம் மட்டும் 400 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் என்று உலக வங்கி மதிப்பிட்டது.

எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போது பலமாக எழுந்தது. அது நியாயமானது. தமிழ் ஆட்சிமொழியாகி ஆண்டுகள் பல கடந்தபின் ஒரு சிவப்பு எச்சரிக்கையை இரு மொழிகளில் மட்டும் வெளியிடுவதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. இருந்தாலும் மொழியோடு முடியும் விஷயமல்ல இது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலேயே சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர்களும் இருந்தார்கள், கேட்டவர்களும் இருந்தார்கள். போவதற்கு மாற்று நிலம் கிடைக்கவில்லை. தோட்ட நிலம் அரசுக்குரியது. 1992 முதல் கம்பனிகளின் கையில் குத்தகை. அதில் நான்கு தலைமுறையாக வாழ்பவர் தம் சொந்த விருப்பில் நூறு யார் தள்ளி, உறுதியான மண்ணில் ஒரு சுவர் எழுப்ப முடியாது. இந்திய உதவியிலான வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று ஒதுக்கினார்கள். அந்த ஏழு பேர்ச்சும் இன்னும் கிடைக்காதவர்களே தோட்டங்களில் மிகுதி.

டித்வாவுக்குப் பின் தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டப் பகுதிகளில் மறுபடியும் நில அளவையாளர்கள், ஆய்வாளர்கள், படிவங்கள். எந்தச் சரிவு குடியிருக்கத் தகாதது என்பதை அவர்களால் இப்போது துல்லியமாகவே சொல்ல முடிகிறது. எந்த நிலம் எந்தக் கம்பனியின் குத்தகையிலிருந்து விடுவிக்கப்படும், யார் பெயருக்கு உறுதி எழுதப்படும் என்ற அடுத்த பத்தியில்தான் படிவம் வெறுமையாக இருக்கிறது. தென்மேற்குப் பருவம் வழக்கம்போல் மே கடைசியில் தொடங்கும்.