தோட்டத் தமிழ்ப்பள்ளி: கோலலங்காட் வட்டாரம்

தோட்டத் தமிழ்ப்பள்ளி என்பது மலாயாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தோன்றிய தொடக்கப்பள்ளி. சிலாங்கூரின் கோலலங்காட் மாவட்டத்தில் தெலுக் பங்லிமா காராங், ஜென்ஜாரோம், பந்திங், பாலத்துக்கு அப்பால் கேரித் தீவு என்று இவ்வகைப் பள்ளிகள் பரவலாக அமைந்தன. கேரித் தீவுப் பள்ளிகள் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று தோட்டப் பிரிவுகளின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன.

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. தோட்டத்துக்குள் அது பரவியதற்குச் சட்டமே பெரிய காரணம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கட்டடம் எப்படி, வாத்தியார் யார் என்பதெல்லாம் தோட்ட மேலாளரான துரையின் விருப்பம். பல தோட்டங்களில் ஆயக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) போன்ற ஒற்றை அறைதான் பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (எழுத்தர்) ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியோதான் ஆசிரியர். விடியலில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்கிய பிள்ளை, பால் வாடையோடு வந்து மணையில் உட்காரும். கடல் கடந்து ஆள் கொண்டுவருவதைவிட, வந்த குடும்பத்தைத் தங்கவைப்பது மலிவு. பள்ளியும் நிர்வாகத்தின் அந்தக் கணக்கில் சேர்ந்ததே.

தொழிலாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இன்னும் பல கோரிக்கைகள் எழுந்தன. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது ஒன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பது இன்னொன்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின; நாதன் நாடு கடத்தப்பட்டார்.

வறுமை தலைமுறை தாண்டியதில் கூலியைவிட வீட்டுக்கே பங்கு அதிகம் எனலாம். தோட்டம் தரும் லயத்து வீடு (வரிசை வீடு) வேலையோடு ஒட்டியது. அப்பா வேலையை விட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும். கூரை நிலைக்க ஒரு பிள்ளையாவது காலை ஆளெடுப்பான பெரட்டில் பெயர் கொடுத்தாகவேண்டும். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கு மந்தபுத்தி காரணமில்லை. 1950களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அந்தக் கூரையும் போயிற்று. அதற்கு மறுமொழியாக அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பங்குப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது.

விடுதலைக்குப்பின் இப்பள்ளிகள் தேசிய வகைப் பள்ளிகளாயின. ஆனால் நிலம் தோட்டத்துடையதாகவே இருந்தது. சொந்த நிலம் இல்லாத பள்ளி 'பகுதி உதவி' பெறும் பள்ளி: ஆசிரியர் சம்பளம் அரசு தரும், கட்டடச் செலவுக்குப் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடைப் புத்தகத்தோடு அலையவேண்டும். பள்ளி மேம்பாடு பற்றிய பேச்சு எங்கு தொடங்கினாலும் இந்த நிலப்பத்திரத்தில் வந்து முட்டும். 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் மக்கள் நகர்ந்தார்கள், பள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. கிள்ளானின் புக்கிட் ராஜா தோட்டம் நகரியமாக வளர்ந்துவிட்டது, பள்ளியின் பெயரில் மட்டும் 'லாடாங்' (தோட்டம்) மிச்சம்.

தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்பேட்டை வந்தபின் தோட்டத்துப் பெற்றோர் பலர் தொழிற்சாலை ஷிப்டுக்கு மாறினர். உட்பகுதிப் பள்ளிகளில் மாணவர் குறைந்தனர். 150க்குக் குறைந்தால் 'மாணவர் குறைந்த பள்ளி' என்ற வகை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஓர் அறையில் படிப்பார்கள். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஒன்றாம் ஆண்டு, வலப்பக்கம் இரண்டாம் ஆண்டு. ஒரு பக்கம் பாடம் நடக்க, மறுபக்கம் பயிற்சி எழுதும். ஓர் ஆசிரியருக்குப் பிள்ளைகள் சிலரே என்பதால் இது கெடுதல் மட்டுமன்று.

பெரிய இடறல் தொடக்கப்பள்ளிக்கு அடுத்த படியில். இடைநிலைப்பள்ளி மலாய் மொழியில் நடக்கிறது. மலாய்த் தேர்ச்சி போதாத பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படிக்கவேண்டும். வீட்டில் பணமுடை இருந்தால் அந்த ஓராண்டில்தான் பிள்ளை கைநழுவும். இந்த இடைவெளியை நிரப்ப முனைந்தவற்றுள் முதன்மையானது, வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம். வார இறுதி வகுப்புகளோடு, பத்துமலைக்கு ஆண்டுதோறும் 'கல்வி யாத்திரை'யும் நடத்தி, பெற்றோரையும் தேர்வுக்குத் தயாராக்கியது அதன் தனி வழி.

சிலாங்கூர் மாநில அரசு 2008க்குப்பின் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டு மானியமும், வசதி குறைந்த மாணவருக்குப் பேருந்துக் கட்டண உதவியும் வழங்கிவருகிறது. பேருந்து உதவி சிறிய தொகைதான். ஆனால் விடியுமுன் செம்பனைக் காட்டோரம் புத்தகப்பையோடு நிற்கும் பிள்ளைக்கு அந்த வண்டி வராத நாள் விடுமுறை நாள்.