ஒடிந்த வில்லும் மடக்குக் கத்தியின் வரலாறும்

சில மாதங்களுக்கு முன் நம் குழுவினர் கூடிப் பழைய புத்தகப் பொதி ஒன்றைப் பிரித்துக் கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவரின் மடக்குக் கத்தியிலிருந்து 'டிக்' என்றொரு ஓசை கேட்டது. அமெரிக்காவிலிருந்து அவருடைய மாமா வாங்கி வந்த கத்தி அது. அலகின் அடியிலுள்ள சிறு முனையை விரலால் சற்றே தள்ளினால் போதும், மீதித் தூரத்தை உள்ளிருக்கும் வில்லே தள்ளி முடித்துவிடும். அன்று அந்த வில் ஒடிந்துவிட்டது. நண்பர் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளாமல் கத்தியை மடித்துத் துணிப்பைக்குள் போட்டார். வீடு சேர்ந்து பைக்குள் கைவிட்டபோது அலகு தானாகவே விரிந்திருந்தது. விரலில் மூன்று தையல்.

திறப்பதற்கு உதவும் வில் ஒடிந்தால் கத்தி திறக்காமற் போவதுதானே முறை? அது ஏன் தானாகத் திறந்து கொண்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்த நாம், மடக்குக் கத்தியின் வரலாற்றுக்குள் சற்று ஆழமாகவே சென்றுவிட்டோம். அதை வாசகர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மடக்குக் கத்தி மிகப் பழையது. கேம்பிரிட்ஜ் நகரத்து ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கருவி ஒன்று உள்ளது. வெள்ளிப் பிடியில் கத்தி, கரண்டி, முள்கரண்டி முதலியவற்றை மடக்கி வைத்திருக்கிறார்கள். பொதுவாக உரோமானியர் காலத்து எளிய மடக்குக் கத்திகளில் வில் கிடையாது. அலகு ஓர் ஆணியில் சுழலும். அந்த ஆணியின் இறுக்கமே அதை நிறுத்தும். ஆணி தேய்ந்தால் அலகு ஆடும்.

இக்குறையைத் தீர்த்தது முதுகு வில். பிடியின் முதுகுப் பகுதியில் நீளவாக்கில் பொருத்தப்படும் ஒற்றை எஃகுப் பட்டை அது. அலகின் அடிப்பகுதியைச் சதுரமாக அமைத்து, அதன்மீது இப்பட்டை அழுந்துமாறு செய்வார்கள். திறந்த நிலையிலும் மடித்த நிலையிலும் சதுரத்தின் தட்டையான பக்கம் வில்லின்மேல் படிந்து நிற்கும். இடையில் அதன் மூலை வில்லை உயர்த்தும். வில் அதை எதிர்த்து அழுத்தும். ஆக, முதுகு வில் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒருசேரக் காவலாக நிற்கிறது. இந்த இரட்டைக் காவலை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

இக்கலை செழித்த ஊர்களுள் தலையாயது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரிக் கதைகளிலேயே இவ்வூர்க் கத்தி பேசப்படுகிறது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஹாலம்ஷைர் கத்திக் கொல்லர் சங்கம் நிறுவப்பட்டது. 1678இல் இராபர்ட் ஹூக் வில்லின் இழுவிசைக்கும் நீட்சிக்கும் உள்ள விகிதத்தை நூலாக வெளியிட்டார். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டுக்கு அருகே மூசையில் உருக்கிய எஃகை உருவாக்கினார். கடிகார வில்லுக்கு ஏற்ற, சீரான எஃகைத் தேடியதன் விளைவே அது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

அவ்வூர்க் கொல்லர்கள் அலகுக்கு ஒரு பதமும் வில்லுக்கு வேறொரு பதமும் வைத்திருந்தனர். செந்தழலாகக் காய்ச்சிய எஃகைத் திரவத்தில் தோய்த்துக் கடினமாக்கிய பின், மீண்டும் இளஞ்சூட்டில் காட்டுவர். எஃகின் மேற்பரப்பு வைக்கோல் நிறத்துக்கு வந்தால் அது அலகுக்கான பதம். நீலம் பாயும் வரை காட்டினால் அது வில்லுக்கான பதம். நீலத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் வில் ஒடியும்; மிஞ்சிவிட்டால் வளைந்தது வளைந்தபடியே கிடக்கும். வெப்பமானி இல்லாத பட்டறைகளில் கண்ணே அளவுகோலாக இருந்தது.

1851இல் இலண்டன் மாபெரும் பொருட்காட்சிக்காக ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தார் 75 அலகுகள் கொண்ட நார்ஃபோக் கத்தியைச் செய்தனர். 1897இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்ஸ்னர், பிடியின் இருபுறக் கருவிகளையும் அதே வில்லே தாங்குமாறு அமைத்துத் தம் அதிகாரிகள் கத்திக்கு உரிமம் பெற்றார். மறுபுறம், 1890இல் பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் செய்த உழவர் கத்தியில் வில்லே கிடையாது! மரப்பிடியின் இறுக்கமே போதும் என்று விட்டுவிட்டார். 1955இல்தான் அதற்குப் பூட்டு வளையம் சேர்ந்தது.

அதுவரை பெரும்பாலும் அலகைப் பிடித்து வைக்கவே வில் பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஷ்ரேட் போன்றோர், பொத்தானை அழுத்தியதும் அலகைத் தூக்கி எறியும் வேலையை அதற்குத் தந்தனர். 1950களில் இக்கத்திகள் தெருச் சண்டைகளின் சின்னமாகப் பத்திரிகைகளிலும் திரைப்படங்களிலும் வலம் வந்தன. 1958இல் அமெரிக்க மைய அரசு இவற்றின் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைத் தடுத்தது. 1959இல் பிரிட்டனும் தடைச்சட்டம் இயற்றியது.

1990களில் பிளாக்கி காலின்ஸ், ஹவாயைச் சேர்ந்த கென் ஆனியன் ஆகிய கத்தி வடிவமைப்பாளர்கள் இடைவழி ஒன்றைக் கண்டனர். இதில் பொத்தான் இல்லை. அலகை நாமே தள்ளத் தொடங்க வேண்டும். ஆனியனின் அமைப்பில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று பிடியின் உட்பள்ளத்தில் கிடக்கும். அதன் ஒரு முனை பிடியில் நிலைத்திருக்க, மறுமுனை அலகின் அடியைத் தாங்கும். மடித்த நிலையில் கம்பி அலகை உள்நோக்கியே அழுத்துகிறது. நாம் தள்ளி ஒரு புள்ளியைக் கடந்ததும் அதே கம்பி வெளிநோக்கித் தள்ளுகிறது.

2009இல் அமெரிக்கச் சுங்கத்துறை இவ்வகைக் கத்திகளையும் தடைக்குள் கொண்டுவர முற்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே 1958ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. மூடும் பக்கம் சாய்வு கொண்டதாய், அச்சாய்வைக் கையால் வென்றே திறக்க வேண்டியதாய் இருக்கும் கத்திக்கு விலக்கு உண்டு என்பது திருத்தத்தின் சாரம்.

நண்பரின் விரலுக்கு நேர்ந்ததன் விடை இத்திருத்தத்திலேயே இருக்கிறது. திறக்க உதவுவதாக நாம் எண்ணிய கம்பிதான் மூடியும் வைத்திருந்தது. மூடி வைக்கும் பொறுப்பைக் கம்பியே ஏற்றிருப்பதால், இவ்வகைக் கத்திகள் சிலவற்றில் அலகை மடித்த நிலையில் நிறுத்தும் சிறு குண்டின் பிடிப்பு மிகக் குறைவு. கம்பி ஒடிந்ததும் காவலும் போயிற்று. 1700 ஆண்டுகளுக்கு முந்தைய கத்திக்கு ஆணியின் இறுக்கமாவது இருந்தது. வழுக்கிச் சுழலவென்றே செய்யப்பட்ட இதற்கு அதுவும் இல்லை.

பிறகு நண்பர் அதைத் தெருமுனைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றார். அவர் மிதிவண்டிக் கம்பியை வளைத்துப் பொருத்திப் பார்த்தார். இரண்டு முறை திறந்ததும் கம்பி வளைந்தபடியே நின்றுவிட்டது; நீலப்பதம் காணாத கம்பி வேறென்ன செய்யும்? பழைய ஷெஃபீல்ட் கத்தியைத் தறையாணி தட்டித்தான் பிரிக்க வேண்டும். ஆனால் எந்தக் கத்திக் கொல்லரும் அதற்குப் புது வில் அடித்துத் தருவார். இக்காலக் கத்தியைத் திருகாணி கழற்றி யாரும் பிரிக்கலாம்; ஆனால் உள்ளிருக்கும் கம்பி, செய்தவரிடமிருந்தே வந்தாக வேண்டும். 14 வயதில் தொழிலில் நுழைந்து, ஷெஃபீல்டின் கடைசித் தலைமுறைக் கைவினைஞர்களுள் ஒருவராய் வாழ்ந்த ஸ்டான் ஷா 2021இல் மறைந்தார். அவ்வகைக் கைகள் குறைந்து வருவதை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

இத்தகைய கத்தி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வில் ஒடிந்தால் முதலில் கத்தியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள். கண்ணுக்குக் காப்பு அணிந்து பிரித்து, ஒடிந்த துண்டுகளை நீக்குங்கள். அவை பூட்டுக்குள் சிக்கக் கூடும். பற்றவைக்க முயலாதீர்கள்; அந்தச் சூடு எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். மீண்டும் பூட்டியபின், மடித்த கத்தியின் திறக்கும் பக்கத்தைத் தரை நோக்கிப் பிடித்து, விரல்களை விலக்கி மெல்லக் குலுக்குங்கள். அலகு நழுவினால், உரிய கம்பி கிடைக்கும் வரை அது பையில் வைக்கத் தக்கதன்று.

நண்பரின் கத்தி நழுவியது. இப்போது அது அவர் மேசைமேல், மரப்பெட்டி ஒன்றில் இருக்கிறது. இறகுப் பேனாவைச் சீவப் பிறந்த கருவியைப் பேனாக்கத்தி என்கிறோம். அவ்வகையில் எழுத்து மேசையே அதன் பழைய இடம் என்று அவர் சமாதானம் சொல்லிக் கொள்கிறார். புத்தகப் பொதி வரும் நாட்களில் மட்டும் பெட்டி திறக்கிறது.