தமிழ்த் திரையிசைப் பதிவில் பேஸ் கித்தாரும் முன்பெருக்கியும்

பேஸ் கித்தார் என்பது பொதுவாக நான்கு தடித்த கம்பிகள் கொண்ட, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் மின் இசைக்கருவி. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' மூலம் இது பரவலானது. ஆளுயர டபுள் பேஸ் செய்துவந்த வேலையைத் தோளில் தொங்கும் கருவி ஏற்றுக்கொண்டது. தமிழ்த் திரையிசையில் அதற்குத் தனிக் குரல் கிடைத்தது, 1976-இல் அன்னக்கிளியில் தொடங்கிய இளையராஜாவின் காலத்தில் எனலாம். அவருடைய பல பாடல்களில் பேஸ், தாளத்துக்குத் துணை நிற்பதோடு நில்லாமல் இன்னொரு மெட்டாகவே நடக்கிறது. அவற்றுள் பலவற்றை வாசித்தவர் சசிதரன்.

இக்கருவியைப் பதிவு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்பின் மின்மறுப்பு அதிகம். ஒலிவாங்கிக்கான உள்ளீட்டில் அதை நேரே செருகினால் மேல்சுரங்கள் மங்கி ஒலி மழுங்கிவிடும். சுமார் 10 லட்சம் ஓம் மின்மறுப்புள்ள உள்ளீடு அதற்கு வேண்டும். இந்த வேலையைச் செய்வதே பிரீஆம்ப் எனப்படும் முன்பெருக்கி. அது ஒலியின் வலிமையைக் கூட்டுவதுடன் நிறத்தையும் மாற்றுகிறது. 1976-இல் வந்த 'மியூசிக் மேன் ஸ்டிங்ரே' கித்தாரின் உடலுக்குள்ளேயே மின்கலத்தில் இயங்கும் முன்பெருக்கி இருந்தது.

நிறம் ஏன் முக்கியம்? பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள வேப்பூர் போன்ற ஊர்களில் தேநீர்க் கடை வானொலியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஒலியை எழுப்பவே இயலாது. ஆனால் அதே சுரத்துடன் 82, 123, 164 என்ற மடங்குகளிலும் அதிர்வுகள் பிறக்கின்றன. அவற்றுள் மேலே உள்ளவை சிறிய ஒலிபெருக்கியிலும் கேட்கும். இல்லாத அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்! முன்பெருக்கியின் 'டிரைவ்' குமிழைச் சற்றுத் திருப்பினால் இம்மடங்குகள் கூடும். அளவு மீறினால் கரகரப்புதான் மிஞ்சும்.

அக்காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவும் பெரும்பாலும் ஒன்றாக அமர்ந்தே பதிவு செய்தனர். ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒலியின் நிறத்தைப் பிறகு திருத்த வாய்ப்புக் குறைவு. ஆகவே வாசிப்பவரின் விரலும் பதிவுப் பொறியாளரின் காதும் அப்போதே முடிவு செய்தாக வேண்டும். இத்தனை பொறுப்பு இருந்தும், பழைய இசைத்தட்டு உறைகளில் பேஸ் வாசித்தவரின் பெயரைக் காண்பது அரிது. வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை ஒலிநாடா, குறுந்தட்டு உறைகளில் அச்சிடும் வழக்கத்தை ஏ. ஆர். ரகுமான் கைக்கொண்ட பிறகே, கீத் பீட்டர்ஸ் போன்றோரின் பெயர்கள் கேட்போருக்குத் தெரியவந்தன.

இன்று பல தடங்களில் பதிவு செய்வதால், ஒரே வாசிப்பை இரண்டு தடங்களாகப் பிரிப்பது வழக்கம். ஒன்றில் தூய ஒலி, மற்றொன்றில் முன்பெருக்கியின் நிறமேற்றிய ஒலி. மெல்லிசைப் பாடலுக்கு முதல் தடமும், துள்ளல் பாடலுக்கு இரண்டாவதும் மேலோங்கும். 60 முதல் 80 ஹெர்ட்சு வரை கனம், 250-ஐ ஒட்டிக் குழப்பம், 800-ஐ ஒட்டி விரலின் உறுமல் என்பது தோராயக் கணக்கு. பறையோ தவிலோ அடித்தளத்தை நிரப்பியுள்ள பாட்டில் கனத்தைக் குறைத்து உறுமலைக் கூட்டுவதே நல்லது. இரு தடங்களும் ஒரே கணத்தில் தொடங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிது விலகினாலும் ஒன்றையொன்று அழித்து, பேஸ் மெலிந்துபோகும்.