சக்கரத்தில் சென்ற பாய்மரப் படகு

கடற்பயண வரலாறு எழுதுவோர் பெருங்கலங்களையே நாடிச் செல்வர். பகைவரை வென்ற போர்க்கலம், புதுநிலம் கண்ட கப்பல், பொன்னும் மிளகும் சுமந்த வணிகக்கலம் ஆகியவற்றுக்கே ஏடுகளில் இடமுண்டு. விடுமுறை நாளில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கரையோரமாய்ச் சென்று மாலையில் திரும்பும் சிறுபடகுக்கும் வரலாறு உண்டோ எனக் கேட்பின், இங்கிலாந்தில் பிறந்த வேஃபேரர் என்னும் படகைக் காட்டலாம். அப்பெயருக்கு வழிப்போக்கன் என்பது பொருள்.

இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் அந்நாட்டில் பொழுதுபோக்குப் பாய்மரப் பயணம் பெரும்பாலும் செல்வர்க்கே உரியதாயிருந்தது. படகை வாங்குவது ஒரு செலவு. அதைத் துறையில் கட்டிவைத்துக் காப்பது ஓயாத செலவு. போர்க்காலத்தில் விமானங்களை மரத்தால் கட்ட உதவிய நீர்தாங்கும் பசையும் ஒட்டுப்பலகையும் போருக்குப் பின் படகுக் கொட்டில்களுக்கு வந்து சேர்ந்தன. எடை குறைந்த உறுதியான படகைக் குறைந்த செலவில் கட்ட முடிந்தது. 1950ஆம் ஆண்டில் பெட்ரோல் பங்கீடும் நீங்கியது. நடுத்தரக் குடும்பங்களின் வாசலில் கார்கள் நிற்கத் தொடங்கின.

இச்சூழலில், 1957ஆம் ஆண்டில், இயன் பிராக்டர் என்னும் படகு வடிவமைப்பாளர் வேஃபேரரை வரைந்தளித்தார். அதன் நீளம் 15 அடி 10 அங்குலம்; அகலம் 6 அடிக்குச் சற்றே மிகுதி; உடலின் எடை சுமார் 169 கிலோகிராம். பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட படகுகளைப்போல் அது விரைவை மட்டும் கருதவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் நெருக்கமின்றி அமர இடம் இருந்தது. முன்னும் பின்னும் அமைந்த மூடிய அறைகள், படகு கவிழ்ந்தாலும் அதை மிதக்கச் செய்தன. உணவையும் துணியையும் நனையாமல் காத்தன. நடுப்பலகையை மேலே தூக்கிவிட்டால் முழங்காலளவு நீரே போதும், மணற்கரைவரை வந்துவிடலாம். பாய்மரத்தைச் சாய்த்துப் பாலத்தின் கீழே நுழையலாம். இரவில் கூடாரத் துணியை மேலே விரித்து, அடித்தளப் பலகையில் இருவர் படுத்துறங்கலாம். பயணம் முடிந்ததும் படகை இழுவை வண்டியில் ஏற்றிக் காரின் பின்னே பூட்டினால், அது வீட்டுத் தோட்டத்திற்கே வந்துவிடும். துறைக்கட்டணம் என்ற பேச்சே எழவில்லை. இவ்விழுவை வண்டியைப் புகழ்ந்து எழுதியோர் மிகச் சிலர். ஆயினும், கடலைச் செல்வரின் வேலிக்குள்ளிருந்து மீட்டதில் பாய்க்கு உள்ள பங்கு இரண்டு சக்கரங்களுக்கும் உண்டு.

புகழ் வேறு வழியில் வந்தது. நார்ஃபோக் மாவட்டத்தில் கார் வணிகம் செய்துவந்த பிராங்க் டை என்பவர், 48ஆம் எண்ணுடைய வேஃபேரரை வாங்கி வாண்டரர் எனப் பெயரிட்டார். 1963இல் ஒரு துணைவருடன் ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, சுமார் 650 மைல் கடந்து, பதினொரு நாளில் ஐஸ்லாந்துத் தீவுகளில் ஒன்றை அடைந்தார். மேற்கூரையில்லாத் திறந்த படகில் இதைச் செய்தார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மறு ஆண்டு நார்வேயை நோக்கிச் சென்றபோது, மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் புயல் வீசியது. படகு நான்கு முறை கவிழ்ந்தது, பாய்மரம் முறிந்தது. ஒவ்வொரு முறையும் இருவரும் படகை நிமிர்த்தி, நீரை இறைத்து வெளியேற்றி, குளிரில் விறைத்த கைகளோடு மீண்டும் அமர்ந்தனர். முறிந்த மரத்தைக்கொண்டே பாய் கட்டி நார்வேக் கரையை அடைந்தனர்.

இப்பயணங்கள் வேஃபேரரின் உறுதியை உலகறியச் செய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பிழையான எண்ணத்தையும் அவை விதைத்தன. பெருங்கடலைக் கடப்பதற்கென்றே அப்படகு பிறந்தது போலச் சிலர் பேசலாயினர். பிராக்டர் கருதியது கழிமுகத்தையும் கரையோரத்தையுமே. டை உயிர் பிழைத்தது படகின் வலிமையால் மட்டுமன்று. காற்றையும் அலையையும் பல்லாண்டு கற்ற பயிற்சியால். அப்பயிற்சியில்லாத தந்தை ஒருவர் அவர் கதையைப் படித்துவிட்டுப் பிள்ளைகளோடு நடுக்கடலுக்குப் பாய் விரிப்பாராயின், எந்த மூடிய அறையும் அவரைக் காக்குமென உறுதி கூற இயலாது. டையின் மனைவி மார்கரெட்டும் அதே படகில் கணவரோடு பல கரைகளைச் சுற்றியவர். இருவரும் சேர்ந்து எழுதிய பயணநூல் 1977இல் வெளிவந்தது. சிறுபடகில் அன்றாடம் சமைப்பது, உறங்குவது, வானிலை சரியில்லாதபோது கரையிலேயே காத்திருப்பது ஆகியவற்றை மார்கரெட் பின்னர்த் தனிநூலாகவும் எழுதினார். குடும்பங்களுக்குப் பெரிதும் உதவக்கூடியது புயற்கதையினும் இவ்வறிவே.

1960களின் நடுவில் ஒட்டுப்பலகையின் இடத்தைக் கண்ணாடியிழை பிடிக்கத் தொடங்கியது. பாய்மரப் பயிற்சிப் பள்ளிகள் பலவும் வேஃபேரரை விரும்பி ஏற்றன. கனடாவிலும் டென்மார்க்கிலும் அதற்கெனக் குழுக்கள் தோன்றின. கட்டப்பட்டவற்றின் எண்ணிக்கை பதினாயிரத்தைக் கடந்தது.

பிராக்டர் 1992இலும் டை 2010இலும் மறைந்தனர். வாண்டரர் இன்று கார்ன்வாலிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்திற்கு உரியது. அதன் காலத்து மரப்படகுகளிற் சில இன்னும் தோட்டங்களில் துணிமூடிக் கிடக்கின்றன. இளவேனில் வந்ததும் வார்னிஷ் பூசப்பட்டு, காரின் பின்னே கடற்கரை நோக்கிச் செல்கின்றன.