கை நீட்டியவர்கள்: சென்னையின் சர்க்கரை நோய் ஆராய்ச்சி வரலாறு

காட்டுப்பாக்கத்தில் காலை ஏழு மணிக்கு எந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாலும், வெறும் வயிற்றோடு நாலு பேர் காத்திருப்பார்கள். அவர்கள் வாங்கிப்போகும் ரிப்போர்ட்டில் சில எண்கள் இருக்கும். எந்த எண்ணைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், நம் உடல்வாகுக்கு இடுப்பளவு எவ்வளவு இருக்கலாம், நோய் வருமுன் தடுக்க முடியுமா என்ற கேள்விகளுக்கான விடைகளில் பெரும்பங்கு நம் சென்னையிலேயே, நம்மைப் போன்றவர்களைப் பரிசோதித்துக் கண்டறியப்பட்டது. அந்த நிறுவனங்களையும் மருத்துவர்களையும் இந்த மலரில் நன்றியோடு பதிவு செய்கிறோம். அவர்கள் கேட்டபோது கை நீட்டி ரத்தம் கொடுத்த, பெயர் வெளியில் தெரியாத பல்லாயிரம் பேருக்கும் அதே நன்றி உரியது.

ஸ்டான்லியில் போட்ட விதை

1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் எம். விசுவநாதன். இந்தியாவில் இந்நோய்க்கான முதல் தனிப் பிரிவு அதுதான். 1954இல் ராயபுரத்தில் எம்.வி. மருத்துவமனை எழுந்தது. 1972இல் அதனோடு ஆராய்ச்சி மையமும் சேர்ந்தது. சோற்றையே மறந்துவிட வேண்டும் என்று நோயாளிகளை மிரட்டிய காலத்தில், தானியம், பருப்பு, கீரை, காய்கறி என்று நார்ச்சத்து நிறைந்த நம்மூர்ச் சாப்பாட்டை வைத்தே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரலாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தாய், தந்தை இருவருக்கும் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளுக்கு எந்த அளவு வரும் என்பதை ராயபுரத்துக் குழு குடும்பம் குடும்பமாக ஆராய்ந்தது. பரம்பரையின் பிடி நம் மக்களிடம் எவ்வளவு பலமானது என்பது அதில் தெளிந்தது.

விசுவநாதனின் மகன் டாக்டர் வி. மோகன் மருத்துவ மாணவராக இருந்தபோதே தந்தையோடு ஆராய்ச்சியில் இறங்கியவர். அவரும் அவர் மனைவி, கண் மருத்துவர் டாக்டர் எம். ரெமாவும் 1991இல் தங்கள் சிகிச்சை மையத்தையும், 1996இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தையும் தொடங்கினார்கள். ராயபுரத்துக் குழுவில் வளர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் டாக்டர் சி. சினேகலதாவும் தடுப்பு ஆராய்ச்சியில் தனி முத்திரை பதித்தார்கள்.

தெருத் தெருவாக ஒரு கணக்கெடுப்பு

மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் ஊரில் நோய் எவ்வளவு என்று தெரியாது. வீடு வீடாகப் போக வேண்டும். அப்படிப் போனபோது 1989இல் சென்னையில் வயதுவந்தோரில் 8.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. 1995இல் அது 11.6 ஆனது, 2000இல் 13.5; 2004இல் 14.3. பதினைந்து ஆண்டுகளில் நகரம் எப்படி மாறிப்போனது என்பதற்கு இந்த நாலு எண்களே போதும்.

2001இல் தொடங்கிய ‘க்யூர்ஸ்’ ஆய்வு இத்தகைய கணக்கெடுப்புகளில் பெரியது. அன்றைய மாநகராட்சியின் 155 வார்டுகளில் 46 வார்டுகளைத் தேர்ந்தெடுத்து, 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரின் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இருப்பவர்களின் விழித்திரையைப் படம் பிடித்ததில், ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் கண்ணில் பாதிப்பு தொடங்கியிருந்தது. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணியவர்களும் அதில் உண்டு. உணவுக் கணக்கை எடுத்தபோது, ஒரு நாளைக்குக் கிடைக்கும் சக்தியில் கிட்டத்தட்ட பாதி, பட்டை தீட்டிய வெள்ளை அரிசி போன்ற தானியங்களிலிருந்தே வந்தது. தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொல்லும் அறிவுரைக்கு நம் அடுக்களைகளே சாட்சி.

திருமங்கலத்துப் பூங்கா

இவ்வரலாற்றில் நம் பகுதிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, இங்கிருந்து அதிக தூரமில்லாத திருமங்கலம் ஏசியாட் காலனியில் நடந்தது. 1990களின் நடுவில் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் இரண்டு குடியிருப்புகளை ஆய்வுக்கு எடுத்தார்கள். திருமங்கலத்துக் குடியிருப்பில் நோய் அதிகமாகவும் நடமாட்டம் குறைவாகவும் இருந்தன. வாரத்தில் சில நாட்களாவது உடற்பயிற்சி செய்தவர்கள் ஏழு பேரில் ஒருவர்தான். ஆய்வுக் குழு முடிவுகளை மக்கள் முன் வைத்து, விளக்கக் கூட்டங்கள் நடத்தியது. நடக்க இடம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. குடியிருப்போர் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு பூங்காவை உருவாக்கினார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியின் முடிவு அதில் பங்கு கொண்ட மக்களிடமே திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறியேன்.

வருமுன் தடுக்க முடியுமா?

முடியும் என்று நிரூபித்தது டாக்டர் ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடும் தினசரி நடையும். மூன்றாவதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதற்கு இரண்டும். 2006இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேர் நோயாளிகளானார்கள். மற்ற மூன்றிலும் அது 40ஐ ஒட்டியே நின்றது. மாத்திரை தரும் பலனை நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் தந்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் இல்லை. 2013இல் அதே குழு, ஆபத்தின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதிக்குக் கைப்பேசியில் நினைவூட்டும் குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பிப் பார்த்தது. இரண்டாண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதமும், பெறாதவர்களில் 27 சதவீதமும் நோய்க்கு ஆளானார்கள்.

தாயும் சேயும்

கர்ப்பகாலச் சர்க்கரை ஆராய்ச்சியில் டாக்டர் வி. சேஷய்யாவின் பெயர் முன்னால் நிற்கிறது. கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் வெகு தூரத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர் மயங்கிவிடுவார். நாளைக்கு வாருங்கள் என்றால் வரவே மாட்டார். இதைப் புரிந்துகொண்ட அவர் எளிய வழி ஒன்றை முன்வைத்தார். கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள் செய்வது இந்தப் பரிசோதனையைத்தான்.

அவர் குழு தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரம் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தது. நகரத்தில் 17.8, புறநகரில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்பரிசோதனை என்ற முடிவை இந்தியாவில் முதலில் எடுத்தது தமிழ்நாடு அரசு. 2014இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் இம்முறையையே ஏற்றுக்கொண்டன. அவர் பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் ஊருக்கு என்ன செய்தி?

சென்னையிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு, 31 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1,13,043 பேரிடம் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். வாசலில் நிற்பவர்களில் நகரம், கிராமம் என்ற வேறுபாடு அநேகமாக இல்லை. ஏரிப் பாசன வயல்கள் அடுக்குமாடிகளாகி, மெட்ரோ ரயிலும் எட்டிப் பார்க்கும் காட்டுப்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இந்தச் செய்தி நேராகப் பொருந்தும்.

நம் ஆபத்தைக் கணிக்க ஒரு இஞ்ச் டேப் போதும். க்யூர்ஸ் ஆய்விலிருந்து 2005இல் உருவான மதிப்பெண் முறை இது. வயது 35 முதல் 49 என்றால் 20, ஐம்பது ஆனால் 30. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80ஐத் தொட்டால் 10. இன்னும் பத்து கூடினால் 20. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. ஓரளவு உடலசைவு இருந்தால் 20; உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. கூட்டுத்தொகை 60ஐத் தொட்டால் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இந்த மலரைப் புரட்டுகிறவர்கள் இன்றைக்கே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் கதவைத் தட்டும்போது கையை நீட்டுங்கள். ஆய்வுக்கென்று யாராவது முறைப்படி விளக்கி, சம்மதம் கேட்டு வந்தால் அரை நாளை ஒதுக்குங்கள். முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள் என்று உரிமையோடு கேளுங்கள். முகம் தெரியாத 26,001 பேர் அன்று கை நீட்டியதால்தான் இந்த மதிப்பெண் முறை இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் கடனை நாம் அடுத்த தலைமுறைக்குத்தான் திருப்பிக் கட்ட முடியும்.